நடத்திய பாடத்தை எழுதி வைப்போம்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆங்கிலம் எங்கு திரும்பினாலும் கண்ணில் படும். கடைப் பலகையில் இருக்கும், அடுக்ககத்தின் பெயரில் இருக்கும், ஆட்டோவின் முதுகில் இருக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும். காதில் விழுவதுதான் வீட்டுக்கு வீடு மாறும். கிரீன்வேஸ் சாலைப் பக்கத்துப் பிள்ளை பாட்டியிடம்கூட ஆங்கிலத்தில் பேசும். மந்தைவெளிச் சந்துகளிலிருந்தும் பட்டினப்பாக்கத்திலிருந்தும் வரும் பிள்ளையோ, டீச்சர் வகுப்பில் சொல்வதைத் தவிர நாள் முழுக்க ஓர் ஆங்கில வாக்கியம்கூடக் கேட்காது. ஏட்டில் ஆங்கிலம் இரண்டாம் மொழி. இந்தப் பிள்ளைக்கு அது அந்நிய மொழிதான்.

இந்தப் பகுதியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுத்தவள் நான். ஒரு வகுப்பில் நாற்பது பேருக்குக் குறையாது. நாற்பத்தைந்து நிமிட பீரியடில் வருகைப் பதிவேடு, வீட்டுப்பாடம், டைரியில் கையெழுத்து எல்லாம் போக முப்பத்தைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். இதற்குள் பாடநூலையும் முடிக்க வேண்டும், பிள்ளையின் வாயிலிருந்து ஒரு வாக்கியத்தையாவது வரவழைக்கவும் வேண்டும். பாடநூல் முதல் வேலைக்கு உதவும். இரண்டாவது வேலைக்கு வேண்டிய சரக்கை ஆசிரியர்தான் தேடிப் போக வேண்டும். அந்தத் தேடலைப் பற்றியும், தேடிக் கிடைத்ததை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

நமக்கு முன்பே நடந்தவை

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தேடல் என்றால் அண்ணா சாலை பிரிட்டிஷ் கவுன்சில் நூலகம். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், ஆங்கிலம் கற்பிப்போருக்கான அலமாரியில் வேண்டிய புத்தகத்தை எடுத்து, பயிற்சிகளை நோட்டில் கையாலேயே எழுதிக்கொண்டு வருவேன். இன்னொரு துணை, எல்டாய் என்று நாங்கள் சொல்லும் இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கம். 1974இல் பத்மஸ்ரீ எஸ். நடராஜன் தொடங்கிய அந்தச் சங்கத்துக்குச் சென்னைதான் தலைமையிடம். அதன் கூட்டங்களுக்குப் போனால், நம்மைப் போலவே நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் இன்னொரு டீச்சர் தன் வகுப்பில் என்ன செய்தார் என்று நேரில் கேட்கலாம். எனக்கு அந்தப் பேச்சு சொற்பொழிவுகளைவிடப் பெரிதாகப் பட்டது.

சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. இளம் ஆசிரியர்கள் பலருக்கு அது தெரியாது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆங்கிலம் கற்பிக்கும் முறையைப் பற்றி உலகம் இன்று பேசும் பேச்சில் ஒரு பெரிய பங்கு நம் ஊர் வகுப்பறைகளிலிருந்து போனது. 1950களின் இறுதியிலும் 1960களிலும் மெட்ராஸ் மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிப்பதற்கென ஓர் இயக்கமே நடந்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அவர்கள் தங்கள் வட்டாரத்துக்குப் போய் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். இப்படியே கை மாறிப் பல்லாயிரம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை அது எட்டியது. மெல்ட் என்று சுருக்கமாகச் சொன்ன அந்தத் திட்டம் ஆசிரியப் பயிற்சி வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

அடுத்து வந்தவர் என். எஸ். பிரபு. பிரிட்டிஷ் கவுன்சிலில் மெட்ராஸில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு சோதனையை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று பெயர் வந்துவிட்டாலும் மெட்ராஸ் வகுப்புகளுக்கும் அதில் பங்கு உண்டு. இலக்கண விதியை முதலில் சொல்லிக் கொடுத்துப் பயிற்சி தருவதை அவர் விட்டுவிட்டார். ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கையில் கொடுத்து, ஒரு சிக்கலை ஆங்கிலத்தில் யோசித்து அவிழ்க்கச் சொன்னார். மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு உள்ளே போய்ப் படியும் என்பது அவர் கருத்து. 1987இல் இதை நூலாக எழுதினார். உலகெங்கும் இன்று செயல்வழி மொழிக் கற்பித்தல் என்று நடத்தப்படுவதற்கு இது ஒரு முக்கியமான ஊற்று.

பிரபு சொன்ன ஓர் அளவுகோலை நான் கடைசிவரை கைவிடவில்லை. வகுப்பில் பாதிப் பேராவது ஒரு செயலில் பாதியையாவது சரியாக முடித்தால், அந்தச் செயல் அந்த வகுப்புக்கு ஏற்றது. எல்லோரும் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் அது மிக எளிது. யாரும் எதையும் முடிக்காவிட்டால் மிகக் கடினம். எத்தனை பயிற்சித் தாள் கையில் வந்தாலும் இந்தத் தராசில்தான் நிறுத்துப் பார்ப்பேன்.

இணையம் வந்த பிறகு

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து இணையம் பார்த்த காலத்தில் எனக்கு முதலில் தட்டுப்பட்டது டேவ்ஸ் இ.எஸ்.எல். கஃபே. அமெரிக்க ஆசிரியர் டேவ் ஸ்பெர்லிங் 1995இல் தொடங்கியது. கொரியாவிலும் மெக்ஸிகோவிலும் வேலை செய்யும் ஆசிரியர்கள் தங்கள் பாடங்களை அதில் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு மேக்மில்லனின் ஒன்ஸ்டாப் இங்கிலீஷ் வந்தது, பிரிட்டிஷ் கவுன்சிலின் டீச்சிங் இங்கிலீஷ் வந்தது, பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் வந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959லேயே தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலீஷ் ஒலிபரப்பும் இணையத்துக்கு வந்து சேர்ந்தது. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு சொற்களுக்குள் செய்தியை எழுதி, வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு நிதானப்படுத்தி வாசிப்பார்கள். எங்கள் எட்டாம் வகுப்புக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது அது.

பஞ்சம் தீர்ந்தது என்றுதான் எல்லா ஆசிரியர்களையும்போல் நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிக்குக் காரணமும் இருந்தது. நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவிட்டுக் கிடைத்தது இப்போது ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. ஆனால் இறக்கிய தாளை நம் வகுப்பில் நீட்டும்போதுதான் அது யாருக்காக எழுதப்பட்டது என்பது தெரியும். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் வகுப்பு, ஆளுக்கு ஒரு வண்ணத் தாள், எழுந்து நடமாட இடம் எல்லாம் இருக்கும் என்று நினைத்து எழுதியிருப்பார்கள். பாடத்தில் பனி பெய்யும், பவுண்டில் விலை இருக்கும், விடுமுறைக்கு விமானத்தில் போவார்கள். உச்சரிப்புப் பகுதியில் ஸ்பானியரும் ஜப்பானியரும் எங்கே தடுமாறுவார்கள் என்று விளக்கம் இருக்கும். ஸ்கூலை இஸ்கூல் என்று சொல்லும் நம் பிள்ளைக்கு அதில் ஒரு வரி இருக்காது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஏ, ஆன், தி போடும் பழக்கமே இல்லாத தமிழிலிருந்து வரும் பிள்ளை அவற்றை ஏன் விட்டுவிடுகிறது என்பதற்கும் அங்கே பதில் இல்லை.

அதை அந்த ஆசிரியர்களின் குறையாக நான் நினைக்கவில்லை. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக எழுதினார்கள். நம் பிள்ளைகளுக்கானதை நாம்தான் எழுத வேண்டும். இது புரிந்த பிறகு இணையத்தில் கிடைக்கும் பாடத்தில் பார்க்க வேண்டியது அதன் கட்டுமானத்தை மட்டும்தான் என்று வைத்துக்கொண்டேன். உள்ளே இருக்கும் ஊரையும் பெயரையும் கழற்றிவிட்டு, மந்தைவெளியை வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பாடம், நெருக்கத்தில்

ஏழாம் வகுப்பில் நடத்திய ஒரு பாடத்தைச் சொல்கிறேன். அதன் கட்டுமானம் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் போட்டிருந்த தாளிலிருந்து வந்தது. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களை வைத்து, இருவர் ஒருவரையொருவர் கேட்டு நிரப்பும் பயிற்சி. நான் லண்டனை எடுத்துவிட்டுப் பறக்கும் ரயிலைப் போட்டேன்.

ஒரு ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் ஒரு ஜோடிக்குப் போதும். இடப்பக்கப் பிள்ளையின் தாளில் திருமயிலை, கிரீன்வேஸ் சாலை, கஸ்தூர்பா நகர், திருவான்மியூர் இருக்கும். நடுவில் கட்டங்கள் காலி. வலப்பக்கப் பிள்ளையின் தாளில் மந்தைவெளி, கோட்டூர்புரம், இந்திரா நகர், தரமணி இருக்கும், மற்றவை காலி. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. "வாட் கம்ஸ் ஆஃப்டர் மந்தைவெளி?", "வாட் கம்ஸ் பிஃபோர் இந்திரா நகர்?" என்று கேட்டுக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். வகுப்பு இரையத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட வேண்டும்.

வகுப்பில் தரும் செயல்களைப் பிரபு மூன்று வகையாகப் பிரித்தார். இது அவற்றில் முதல் வகை, ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லாத செயல். அதோடு நிறுத்தினால் பிள்ளைகள் நிலையத்தின் பெயரை மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால் கரும்பலகையில் இரண்டாவது வகையை, யோசித்து விடை காணும் செயலை, எழுதினேன். ஒரு பெண் காலை 8.10க்குக் கஸ்தூர்பா நகரில் ரயில் ஏறுகிறாள். நிலையத்துக்கு நிலையம் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மந்தைவெளியில் இறங்கிப் பள்ளிக்கு நடக்கப் பன்னிரண்டு நிமிடம். பள்ளி மணி 8.30க்கு அடிக்கும். அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்வாளா?

பிள்ளைகள் விரல் விட்டு எண்ணினார்கள். கஸ்தூர்பா நகரிலிருந்து கோட்டூர்புரம், கிரீன்வேஸ் சாலை, மந்தைவெளி. மூன்று நிறுத்தம், ஒன்பது நிமிடம். 8.19க்கு இறங்கினால் 8.31க்குப் பள்ளி. "ஷீ இஸ் கம் லேட், மிஸ்" என்று ஒரு பெண் எழுந்து சொன்னாள். "யெஸ், ஷீ வில் கம் லேட். பை ஹவ் மெனி மினிட்ஸ்?" என்று கேட்டேன். "ஷீ வில் கம் லேட் ஒன் மினிட்" என்றாள். திருத்தம் என்று தனியாக எதுவும் நடக்கவில்லை. என் வாக்கியத்தில் இருந்ததை அவளே எடுத்துக்கொண்டாள். அவள் கவனம் அந்த ஒரு நிமிடத்தில் இருந்ததால்தான் அது நடந்தது.

கடைசி டெஸ்க்கிலிருந்து, அதுவரை வாயே திறக்காத பையன் ஒருவன் கத்தினான்: "ஷீ கேன் ரன், மிஸ்!" வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஓடலாம் என்று ஒரு கட்சி. "ஹெவி பேக், மிஸ், நோ ரன்னிங்" என்று இன்னொரு கட்சி. "ஷீ கேன் டேக் த ஃபர்ஸ்ட் ட்ரெயின்" என்று மூன்றாவது யோசனை. தகவலில் தொடங்கி, கணக்கில் வளர்ந்து, கருத்தில் போய் நின்றது பாடம். பிரபு சொன்ன மூன்று வகைகளும் ஒரே பீரியடில் வந்துவிட்டன. கேன், வில் என்ற இரண்டு துணைவினைகளுக்கும் நான் இலக்கண விதி சொல்லவே இல்லை. அடுத்த நாள் பாடநூலில் அந்தப் பக்கம் வந்தபோது, பிள்ளைகளுக்கு அது பழகிய ஆளாக இருந்தது.

போன் கைக்கு வந்த பிறகு

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது வகுப்பு வாட்ஸ்ஆப்புக்கு மாறியது. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போது பல வீடுகளுக்குக் கைகொடுத்தது. எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஒரே ஒரு போன். அப்பா வேலைக்குக் கொண்டு போனால் இரவு எட்டு மணிக்கு மேல்தான் பிள்ளை கைக்கு வரும். அந்த நேரத்தில் நீண்ட வீடியோ பார்க்க டேட்டாவும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

அப்போது எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கருவி குரல் பதிவு. அரை நிமிடம் பேச வேண்டும். உன் வீட்டு ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது, உன் அம்மா இன்று என்ன சமைத்தார், அவ்வளவுதான் கேள்வி. வகுப்பில் எழுப்பிவிட்டால் தலை குனிந்து நிற்கும் ஒரு பெண், ஒரு நாள் இரவு பத்து மணிக்கு நாற்பது நொடி பேசி அனுப்பினாள். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது, தம்பி கத்துவது கேட்டது. அவளிடம் விசாரித்தேன். பேசிப் பதிந்து, கேட்டுப் பார்த்து, அழித்து, திரும்பப் பேசி, திருப்தியான பிறகுதான் அனுப்பினாளாம். நான் அதுவரை கொடுத்த எந்தப் பயிற்சியும் ஒரு பிள்ளையைத் தன் வாக்கியத்தைத் தானே அத்தனை முறை கேட்டுத் திருத்திக்கொள்ள வைத்ததில்லை. நாற்பது முகங்களுக்கு முன்னால் பேசுவதுதான் அவளுக்குப் பயம், ஆங்கிலம் அல்ல. பள்ளி திறந்த பிறகும் வாரம் ஒரு குரல் பதிவை நான் நிறுத்தவில்லை.

இன்று வேலைக்குச் சேரும் ஆசிரியருக்கு இன்னும் வசதி. 2018-19இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் உள்ளன. அவற்றைப் போனில் ஸ்கேன் செய்தால் தீக்‌ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்கான ஒளி, ஒலிப் பதிவுகளுக்குப் போகலாம். பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டோரிவீவரை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கும். பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். தமிழில் ஒரு முறை படித்துவிட்டால், ஆங்கிலத்தில் படிக்கும்போது பிள்ளை கதையைத் தேடித் தவிக்காமல் மொழியைக் கவனிக்கும். அந்தத் தளத்தின் கதைகள் திறந்த உரிமத்தில் வெளியானவை. எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அச்சடிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். எல்லாத் தளங்களும் இந்த அனுமதியைத் தருவதில்லை. வகுப்பில் பயன்படுத்த இலவசம் என்றால், நம் பெயரில் திரும்ப வெளியிடலாம் என்று பொருள் ஆகாது. பக்கத்தின் அடியில் உரிமம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் ஆசிரியருக்கு வேண்டும். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்ட மாத்திரத்தில் பயிற்சித் தாள் வந்து விழுகிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் நிலையங்களின் வரிசை சரியா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். கடைசி டெஸ்க் பையனை எந்தக் கேள்வி எழுப்பிவிடும் என்று அறிந்தவரும் நீங்கள்தான்.

எழுதி வைப்பது

பாடம் முடிந்த அன்றே அதைப் பற்றி எழுதி வைப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தேன். ஆய்வாளர் வரும்போது காட்டும் பாடக்குறிப்பு வேறு. அது நடத்தப் போவதைப் பற்றியது. நான் சொல்வது நடந்ததைப் பற்றியது. எந்த வகுப்பு, எத்தனை பேர் என்று முதல் வரி. என்ன பொருள் வேண்டும், எவ்வளவு செலவு என்று இரண்டாவது. என்ன செய்தோம் என்பதை நேர வரிசையில் மூன்றாவது. பிள்ளைகள் சொன்ன வாக்கியங்களைப் பிழையோடு அப்படியே நான்காவது. அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பது ஐந்தாவது. இந்த ஐந்தும் இருந்தால் ஒரு பக்கத்தில் ஒரு பாடம் அடங்கிவிடும்.

இவற்றில் நான்காவதுதான் உயிர். "ஷீ இஸ் கம் லேட்" என்று பிள்ளை சொன்னது எந்த வெளிநாட்டுத் தளத்திலும் இருக்காது. அதைப் படிக்கும் திருவாரூர் ஆசிரியருக்கு, தன் வகுப்புப் பிள்ளையின் குரல் கேட்கும். அதற்கு என்ன செய்யலாம் என்பதும் கூடவே தெரியும்.

அந்த ரயில் பாடத்தை இணையத்தில் போட்டபோது, விழுப்புரம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் எழுதினார். தன் ஊரில் பறக்கும் ரயில் இல்லை, டவுன் பஸ் நிற்கும் ஊர்களை வைத்து நடத்தினேன், கடைசி பஸ்ஸை விட்டால் என்ன செய்வது என்று வகுப்பில் பெரிய சண்டையே வந்துவிட்டது என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொரு டீச்சர், தன் பிள்ளைகள் எந்த இடத்தில் என் பிள்ளைகளிடமிருந்து வேறுபட்டார்கள் என்று விவரமாக எழுதினார். லண்டனில் தொடங்கிய ஒரு தாள் இப்படி ஊர் ஊராகப் போய் அங்கங்கே வேறு பாடமாக ஆனது. மெல்ட் காலத்து ஆசிரியர்கள் நேரில் போய்ச் செய்ததை, இன்று ஒரு பக்கக் குறிப்பு செய்துவிடும்.

சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று இல்லை என்று பிரபு 1990இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஆசிரியருக்குத் தன் கற்பித்தல் எப்படிப் பிள்ளையின் கற்றலாகிறது என்பது பற்றி உள்ளுக்குள் ஓர் உணர்வு இருக்க வேண்டும். அந்த உணர்வு உயிரோடு வளர்ந்துகொண்டிருப்பதுதான் முக்கியம் என்பது அவர் வாதம். நான் அதை முழுமனதாக நம்புகிறேன். அந்த உணர்வு தானாக வளர்வதில்லை. போர்ஷனை முடிக்கும் அவசரத்தில் ஆண்டுக்கு ஆண்டு அதே பாடத்தை அதே விதமாக நடத்தினால் அது மரத்துப்போகும். எழுதும்போதுதான் ஏன் அந்தப் பெண் பேசினாள், ஏன் இந்தப் பையன் பேசவில்லை என்று நம்மை நாமே கேட்கிறோம். இன்னொரு ஆசிரியர் படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் இன்னும் நேர்மையாகக் கேட்கிறோம்.

எழுத ஆங்கிலம்தான் வேண்டும் என்பதில்லை. ஆங்கில ஆசிரியர் தமிழில் எழுதினால் மதிப்புக் குறையும் என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடங்களையும் ஒருவரே எடுக்கும் ஆசிரியருக்கும், ஆங்கிலத்தையே பயந்து பயந்து நடத்தும் புது டீச்சருக்கும் தமிழில் எழுதிய குறிப்புதான் சட்டென்று பயன்படும். அவர்கள் வகுப்பில்தான் நம் பிள்ளைகளின் முதல் ஆங்கில வாக்கியம் பிறக்கிறது.

ஆகவே ஆசிரியத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் பருவத்தில் நீங்கள் நடத்தியதில் நன்றாகப் போன ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஐந்தையும் அதே வரிசையில் ஒரு பக்கம் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரை விட்டுவிடுங்கள், அவர்கள் சொன்னதை விடாதீர்கள். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு முதலில் படிக்கக் கொடுங்கள். பிறகு இணையத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற குறிப்போடு போடுங்கள். தமிழ்நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் ஆளுக்கு ஒன்று எழுதினால் போதும், நம் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்த பாடங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். வெளியிலிருந்து யாரும் வந்து இதை எழுதித்தர முடியாது, ஏனென்றால் அந்த வகுப்பில் நின்றவர்கள் நாம்தான்.